டங்ஸ்டன் வேண்டும், சரி. யாரைக் கேட்டுத் தோண்டுவது?

சுரங்கத்தான்:
2025 ஜனவரியில் மதுரை மேலூர் பக்கம் நாயக்கர்பட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலம் ரத்தானதும் இங்கே எல்லோரும் வெற்றி என்று எழுதினீர்கள். அந்த இடத்துக்குள் வரும் அரிட்டாபட்டி மலையைத் தொடக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதோடு சேர்த்து "இந்தியாவில் புதுச் சுரங்கமே வேண்டாம்" என்று பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உலகில் கிடைக்கும் டங்ஸ்டனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். டங்ஸ்டனில் செய்கிற கார்பைடு டிப், அதாவது உலோகத்தைச் செதுக்கும் முனை, இல்லாமல் கோவையில் ஒரு லேத் பட்டறை ஒரு நாள் ஓடுமா? கனிம உற்பத்தியை ஏழு ஆண்டுகளில் 200 சதவீதம் கூட்டுவது, கனிம வர்த்தகப் பற்றாக்குறையைப் பாதியாக்குவது என்று 2019 தேசியக் கனிமக் கொள்கை இலக்கு வைத்தது. எல்லா ஊரும் வேண்டாம் என்றால் அது எப்படி நடக்கும்?

மேலூர்க்காரி:
அண்ணா, அதே கொள்கையில இன்னொரு வரியும் இருக்கு. கனிமம் எல்லாருக்கும் பொதுச்சொத்து, அரசு அதுக்கு அறங்காவலர்தான், வரப்போற தலைமுறைக்கும் அதுல பங்கு உண்டுன்னு எழுதியிருக்காங்க. ஒடிசாவுல கியோஞ்சர், சுந்தர்கர் பக்கம் அனுமதிக்கு மேல இரும்புத்தாது அள்ளின வழக்குல, 2008 கொள்கையைத் திருப்பிப் பாருங்கன்னு 2017 ஆகஸ்டுல உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இந்தக் கொள்கையே வந்துச்சு. அறங்காவலர்னா சொத்துக்காரனை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? ஏலம் போன இடம் 2,015 ஹெக்டேர். பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு மாநில அரசு 2022-ல அறிவிச்ச 193 ஹெக்டேரும் அதுக்குள்ளயே கிடந்துச்சு. சமணர் படுக்கை, குடைவரைக் கோயில், கண்மாய், வல்லூறு கூடு கட்டுற பாறை எல்லாம் அங்கதான். எங்க சனத்துக்கு விஷயம் தெரிஞ்சதே 2024 நவம்பர்ல ஏலம் முடிஞ்ச பிறகு.

சுரங்கத்தான்:
தங்கச்சி, ஏலம் விட்ட மறுநாளே யாரும் வெடி வைக்க முடியாது. அது ஆய்வுக்கும் சுரங்கத்துக்கும் சேர்த்துத் தரும் கூட்டு உரிமம். முதலில் துளையிட்டு ஆய்வு செய்வார்கள், போதிய தாது இருந்தால்தான் குத்தகை. பிறகு சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். உங்களுக்குப் பேச இடம் இருந்தது.

மேலூர்க்காரி:
அந்தக் கூட்டத்தைத்தான் 2025 செப்டம்பர்ல எடுத்துட்டாங்களே! முக்கியக் கனிமம், அணுக் கனிமம் எடுக்கிற திட்டங்களுக்கு கருத்துக்கேட்பு தேவையில்லைன்னு சுற்றுச்சூழல் அமைச்சகம் சொல்லிருச்சு. டங்ஸ்டன் முக்கியக் கனிமப் பட்டியல்லதான் இருக்கு. இப்ப எங்கண்ணே பேசுறது?

கணக்குப்பிள்ளை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவருமே பணத்தைப் பற்றிப் பேசவில்லை. தோண்டி எடுத்த தாது திரும்ப முளைக்காது. அப்படியானால் தாதுக்காகச் சுரங்கக்காரர் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகை (ராயல்டி) வருமானமா, சொத்தை விற்ற காசா? நம் அரசுகள் அதை வருமானமாகவே எழுதி அந்தந்த ஆண்டிலேயே செலவழிக்கின்றன. பரம்பரை நிலத்தை விற்று மளிகைக் கடன் அடைக்கிற குடும்பத்தை என்ன சொல்வோம்?

கோவா இரும்புத்தாதுச் சுரங்க வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி காட்டியது. இரும்புத்தாது ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் எடுக்கக்கூடாது, விற்ற பணத்தில் 10 சதவீதம் வரும் தலைமுறைக்காகச் சேர்த்து வைக்கும் நிரந்தர நிதிக்குப் போக வேண்டும் என்றது. அதை நாடு முழுவதற்குமான விதியாக்கியிருக்க வேண்டும். நாம் செய்தது 2015-ல் சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஊர்களுக்கான மாவட்ட கனிம அறக்கட்டளை. பழைய குத்தகைக்காரர் உரிமத்தொகையில் 30 சதவீதம் அதற்குத் தர வேண்டும், ஏலத்தில் எடுத்தவர் 10 சதவீதம் தந்தால் போதும். ஏலக்காரர் மாநிலத்துக்குத் தனியாகப் பிரீமியம் கட்டுகிறார் என்பீர்கள். உண்மைதான், அது கருவூலத்துக்குப் போகிறது. கிணறு வற்றிய ஊருக்கு எஞ்சுவது அந்தப் பத்துதான்.

சுரங்கத்தான்:
ஐயா, 10 சதவீதம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிரந்தர நிதிக்கும் என் ஓட்டு உண்டு. ஆனால் மாநிலங்கள் கையில் ஒன்றுமே இல்லை என்று ஆக்காதீர்கள். உரிமத்தொகை வரி அல்ல, கனிம உரிமைக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8-1 என்று தீர்ப்பளித்தது.

கணக்குப்பிள்ளை:
வரி போடலாம். எந்த இடத்தை ஏலம் விடுவது என்று முடிவு செய்ய முடியுமா? 2023 சட்டத்திருத்தத்தில் 24 முக்கியக் கனிமங்களின் ஏலத்தை ஒன்றிய அரசு எடுத்துக்கொண்டது. காசு மாநிலத்துக்கு, முடிவு டெல்லிக்கு. அந்த முடிவில் ஊர் எங்குமே இல்லை.

சுரங்கத்தான்:
கருத்துக்கேட்பை எடுத்தது தவறு. இருபது வருடம் சுரங்கத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ஊர் சம்மதிக்காத இடத்தில் வேலை ஒருநாளும் ஒழுங்காக நடக்காது. முதலில் நம் பட்டறைகளில் தேய்ந்த கார்பைடு டிப்புகளைச் சேகரித்து டங்ஸ்டனை மீட்கலாம். ராஜஸ்தான் டேகானாவில் முன்பு டங்ஸ்டன் எடுத்து மூடிய சுரங்கம் இருக்கிறது. அங்கே குவிந்த கழிவில் இன்னும் என்ன மிச்சம் என்று பார்க்கலாம். புது மலையைத் தொடுவது அதற்கப்புறம்.

மேலூர்க்காரி:
இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன். டேகானாவுலயும் ஊர் இருக்குண்ணே. கழிவைக் கிளறினா தூசி அவங்க வீட்டுக்குத்தான் போகும். அங்கயும் முதல்ல கிராமசபையைக் கூட்டிக் கேக்கட்டும்.