இரண்டாவது ரேம் பொருத்தியும் நிரலின் வேகம் கூடாதது ஏன்?

வணக்கம். நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையிலான இணைப்பு குறித்த ஒரு குழப்பத்தைத் தீர்க்க உங்கள் உதவியை வேண்டுகிறேன்.

என் கணினியில் டிடிஆர்4-3200 வகை 8 ஜிபி ரேம் ஒன்றுதான் இருந்தது. சென்ற வாரம் அதே வகையில் இன்னொன்றையும் சேர்த்து, மதர்போர்டு கையேடு சொன்னபடி ஏ2, பி2 ஸ்லாட்டுகளில் பொருத்தினேன். 64 பிட் அகலமுள்ள ஒரு சேனல் (ரேமுக்கும் செயலிக்கும் இடையிலான தரவுப் பாதை) நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி கடத்தும் என்பதால், இரண்டும் சேர்ந்தால் 51.2 ஜிபி என்பது ஏட்டுக் கணக்கு. பெரிய தரவுத் தொகுதியை நினைவகத்துக்குள்ளேயே நகலெடுத்தபோது வேகம் கிட்டத்தட்ட இருமடங்கானது.

ஆனால், 1 ஜிபி அளவுள்ள லிங்க்டு லிஸ்ட்டில் (ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவின் முகவரியைத் தாங்கியிருக்கும் தரவுச் சங்கிலி) கணுவுக்குக் கணு தாவிச் செல்லும் என் சி நிரலின் நேரம் இம்மியும் குறையவில்லை. ஒவ்வொரு தாவலுக்கும் 64 பைட் கொண்ட ஒரு கேஷ் லைன் (நினைவகத்திலிருந்து செயலியின் கேஷுக்கு ஒரே தடவையில் வரும் தரவுத் துண்டு) வந்துசேர வேண்டும் என்பதும், அடுத்த கணுவின் முகவரி அதற்குள்ளேயே இருப்பதால் அது வரும்வரை செயலி அடுத்த கோரிக்கையை அனுப்ப இயலாது என்பதும் புரிகிறது. (சாலையை அகலமாக்கினாலும் தனியாகப் போகும் வண்டிக்கு என்ன பயன்?)

கணுக்களை அர்ரேயில் அடுத்தடுத்து அடுக்கி, வேண்டிய தரவை முன்கூட்டியே கொண்டுவரும் பிரீஃபெட்ச்சர் உதவும்படி செய்வது நல்லதா, அல்லது நான்கைந்து லிஸ்ட்டுகளை ஒரே சுழலில் மாறி மாறிப் படிப்பது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.