விண்டோஸ் 11-க்கு மாறியபின் மாம்பழ மண்டியின் பழைய கணக்கு நிரல் திறக்கவில்லை: உதவி தேவை

கேள்வி (கிருஷ்ணகிரி)

வணக்கம். கிருஷ்ணகிரியில் என் தகப்பனார் தொடங்கிய மாம்பழக் கமிஷன் மண்டியை நான் நடத்தி வருகிறேன். தோட்டக்காரருக்குக் கொடுத்த முன்பணம், வண்டி வாடகை, இறக்குக்கூலி, கமிஷன் ஆகியவற்றைக் கழித்துப் பட்டியல் போட்டுத் தரும் நிரல் ஒன்றை, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருளில் அவருடைய நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். 32 பிட் விண்டோஸ் 10-இல் சென்ற பருவம் வரை அது ஒரு குறையுமின்றி ஓடியது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், வன்தட்டைச் சுத்தமாக அழித்து விண்டோஸ் 11 நிறுவச் செய்தேன். நிரல் இருந்த கோப்புறை பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறது; ஆனால் அதைத் திறந்தால், இந்தக் கணினியில் இது இயங்காது என்ற செய்தி மட்டுமே வருகிறது. பழைய விண்டோஸில் ஓடுவதுபோல நிரலை ஓட்டும் பொருந்துநிலையை (compatibility mode) விண்டோஸ் எக்ஸ்பி வரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. எழுதியவர் இன்று உயிரோடு இல்லை. பெங்களூரா ரக மாம்பழ வரத்து தொடங்குவதற்குள் இதற்கு வழி கிடைக்குமா?

பதில் 1 (தர்மபுரி)

பொருந்துநிலையை எப்படி மாற்றினாலும் பயன் இராது ஐயா. உங்கள் நிரல் 16 பிட் என்ற பழைய வகை நிரல். அத்தகையவற்றை ஓட்டுவதற்காக 32 பிட் விண்டோஸில் என்.டி.வி.டி.எம். என்ற பகுதி இருந்தது. 64 பிட் விண்டோஸ் எதிலும் அது கிடையாது. விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே இல்லை. ஆகவே உங்கள் கோப்புகள் கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டாம்.

முதல் வேலையாக அந்தக் கோப்புறையை வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். இருபது முப்பது ஆண்டுக் கணக்கு ஒரே பென்டிரைவில் இருப்பதுதான், நிரல் திறக்காததைவிட எனக்குக் கவலை தருகிறது. பிறகு அதில் கணக்கு விவரங்கள் இருக்கும் டி.பி.எஃப். (.dbf) கோப்புகளின் நகல் ஒன்றை லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் திறந்து, தோட்டக்காரர் பெயரும் நிலுவைத் தொகையும் சரியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். திறந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கிருந்து சேமித்தால் புலங்களின் அமைப்பு மாறிவிடக்கூடும்.

நிரலை ஓட்ட, டாஸ் சூழலைப் போலச் செய்துகாட்டும் மென்பொருள் வேண்டும். டாஸ்பாக்ஸ் பலருக்கும் தெரிந்தது என்றாலும் அது விளையாட்டுகளை மனத்தில் கொண்டு உருவானது. கணக்கு வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எழுத்துத் திரையில் ஓடும் அலுவலக நிரல்களுக்கென்றே உருவான விடாஸ் (vDos) உங்களுக்குப் பொருந்தும். மண்டிக் கோப்புறையை நிரல் எதிர்பார்க்கும் டிரைவ் எழுத்தாகக் காட்டும்படி அதன் தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். எல்.பி.டி.1 (LPT1) என்ற பழைய அச்சுப்பொறி இணைப்புக்கு நிரல் அனுப்பும் அச்சையும் அது விண்டோஸில் இயல்பாக வைத்திருக்கும் அச்சுப்பொறிக்குத் திருப்பிவிடும்.

பதில் 2 (ஓசூர்)

விடாஸ் ஒத்துவராவிட்டால், கணினிக்குள் இன்னொரு கணினி போலச் செயல்படும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி அதற்குள் 32 பிட் விண்டோஸ் 7 போட்டுக்கொள்ளலாம். அதற்குரிய உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும். அந்த விண்டோஸுக்கு இணைய இணைப்புக் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. விடாஸில் நிரல் திறந்துவிட்டது. என் தகப்பனார் பதிந்த பழைய பேரேடு திரையில் வந்தபோது கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு சிக்கல்: தொடர்தாள் போட்ட டாட் மேட்ரிக்ஸில் வர வேண்டிய பட்டியல், சில நேரம் மேசையிலுள்ள லேசர் அச்சுப்பொறியில் வந்துவிடுகிறது.

பதில் 1 (தர்மபுரி)

கடைசியாகப் பயன்படுத்திய அச்சுப்பொறியையே இயல்பானதாக வைத்துக்கொள்ளும் வசதி விண்டோஸில் உண்டு. அமைப்புகளில் அச்சுப்பொறிப் பக்கத்திற்குச் சென்று, இயல்பு அச்சுப்பொறியை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்ற பொருளில் உள்ள தேர்வை அணைத்துவிட்டு, டாட் மேட்ரிக்ஸை நீங்களே இயல்பானதாகக் குறியுங்கள். அதன்பின் விடாஸை மூடித் திறந்து, ஒரு பழைய பட்டியலை அச்சிட்டுச் சரிபாருங்கள்.