கூடத்தில் பேச்சு புரியவில்லையா? முதலில் கூரையைப் பாருங்கள்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

பெரிய கூடத்தில் பேச்சு புரியவில்லை என்றதும் இன்னும் பெரிய ஒலிபெருக்கி வேண்டும் என்கிறோம். குறை சத்தத்தில் இல்லை. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறிவிடுகிறது. கான்கிரீட்டும் கண்ணாடியும் டைல்ஸ் தரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்புகின்றன. காதுக்கருவி போட்ட பெரியவர்கள் ஓரமாக உட்கார்ந்திருந்து, யாரோடும் பேசாமலே கிளம்புவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்துக்கும் இதே தொல்லை. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட கணக்கு எளிது: கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலி உறிஞ்சும் பரப்பால் (விழும் ஒலி முழுவதையும் விழுங்கும் பரப்பாகக் கணக்கிட்டது) வகுத்தால், ஒலி அடங்க ஆகும் விநாடி கிடைக்கும்.

20 மீட்டர் நீளம், 12 அகலம், 5 உயரம் என்றால் 1200 கன மீட்டர். முழக்கம், அதாவது அடங்காமல் நிற்கும் ஒலி, 3 விநாடி நீடித்தால் அங்கே உறிஞ்சும் பரப்பு ஏறத்தாழ 64 சதுர மீட்டர்தான். பேச்சுக்கு ஏற்ற 1 விநாடிக்கு இறக்க 193 வேண்டும்; அதாவது இன்னும் 129. விழும் ஒலியில் 80 சதவீதத்தை விழுங்கும் பலகை என்றால், சுமார் 160 சதுர மீட்டர். கூரையில் மூன்றில் இரண்டு பங்கு!

சரி, எதைப் பொருத்துவது? மரச்சீவலும் சிமென்டும் சேர்ந்த பலகை, செம்மறி கம்பளி, சணல், தென்னை நார், பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த ஃபெல்ட் எல்லாமே நல்லவை. நார்களின் இடுக்கில் காற்று உரசி, ஒலி வெப்பமாகிவிடும். அதனால்தான் கெட்டியாகப் பெயின்ட் அடித்து அந்தத் துளைகளை அடைக்கக் கூடாது. மெல்லிய பலகை கீச்சொலியை மட்டும் பிடிக்கும். கனத்த ஒலி தப்பிவிடும். பலகைக்குப் பின்னால் 10 சென்டிமீட்டராவது இடைவெளி விட்டால் பலன் கூடும். முட்டை அட்டையை நம்ப வேண்டாம்.

தீத்தடுப்புச் சான்று இல்லாத எதையும் கூரையில் ஏற்றாதீர்கள். இதில் சிக்கனமே கூடாது.

முழக்கம் குறைந்ததும் யாரும் சொல்லாமலே எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள். இரைச்சலில் குரல் தானாக உயரும் என்று லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே எழுதியிருக்கிறார். இது அதன் மறுபக்கம்.

நீங்கள் கூடும் இடத்தின் நீளம், அகலம், உயரத்தோடு, ஒரு முறை கைதட்டினால் ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்றும் எழுதுங்கள். கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.