ஜியான் 2650 மாற்றினேன், சர்வர் எழவே மாட்டேன் என்கிறது. அவசரம்

கோத்தகிரி_இலை (திங்கள், இரவு 9:12)
வணக்கம். எங்கள் டீ ஃபேக்டரி சர்வரில் இன்டெல் ஜியான் இ5-2620 ப்ராசஸர் சிப் இருந்தது. அதை எடுத்துவிட்டு இ5-2650 போட்டேன். ஃபேன் எல்லாம் முழு வேகத்தில் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை, முன்பக்கம் ஆரஞ்சு விளக்கு சிமிட்டுகிறது. பழையதைத் திரும்பப் போட்டால் ஓடுகிறது. காலை ஏழு மணிக்கு முதல் இலை வண்டி வந்துவிடும், எடை போட்டாக வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

குன்னூர்_பட்டறை (9:20)
2650 என்றால் எந்த 2650 தம்பி? பின்னால் வி1, வி2 என்று என்ன போட்டிருக்கிறது? 2012-ல் வந்த முதல் 2650-க்கு 8 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), வேகம் 2.0 கிகாஹெர்ட்ஸ். 2013 வி2-வுக்கும் 8 கோர்தான், ஆனால் 2.6. 2014 வி3-க்கு 10 கோர், 2016 வி4-க்கு 12 கோர். பெயர் ஒன்று, ஆள் நான்கு பேர். எது என்று தெரியாமல் மேலே எதுவும் சொல்ல முடியாது.

கூடலூர்க்காரன் (9:26)
பயாஸ் (பெட்டியை எழுப்பும் போர்டு மென்பொருள்) பேட்டரியைப் பாருங்கள். பத்து வருஷப் பெட்டி என்றால் அந்த நாணய பேட்டரி நிச்சயம் செத்திருக்கும். எனக்கு மூன்று பெட்டியில் இதேதான். கழற்றிப் பத்து நிமிஷம் வைத்து, புதிது போடுங்கள்.

கேத்தி_பள்ளத்தாக்கு (9:31)
எங்கள் பக்கம் நான்கு நாளாகப் பனிமூட்டம் விலகவே இல்லை. கோத்தகிரியிலும் அப்படித்தான் இருக்கும். சிப் கோயம்புத்தூரில் இருந்து பார்சலில் வந்ததா? காட் ரோடு ஏறி வந்ததும் உடனே பிரித்துப் போட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். ஒரு ராத்திரி அரிசி டப்பாவில் போட்டு வைத்துவிட்டு நாளை பாருங்கள்.

ஊட்டி_லேப் (9:38)
கேத்தி அண்ணா, அது தலைகீழ். கீழே இருந்து சூடாக வரும் பொருளில் நீர் கோக்காது. குளிரில் கிடந்த பொருளைச் சூடான, ஈரமான அறைக்குள் கொண்டுபோனால்தான் கோக்கும். கண்ணாடி போட்டவர் டீக்கடைக்குள் நுழைந்தால் கண்ணாடி மங்குகிறதே, அது மாதிரி. அரிசி டப்பா வேண்டவே வேண்டாம், தவிட்டுத்தூள் தொடுபுள்ளிகளில் ஒட்டும்.

கோத்தகிரி, சிப்பின் உலோக மூடியில் எஸ்ஆர் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி இருக்கும். மேலே பூசிய வெப்பப் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு அதைப் படித்துச் சொல்லுங்கள். எஸ்ஆர்0கேகியூ என்றால் முதல் தலைமுறை. எஸ்ஆர்1ஏ8 என்றால் வி2. கியூ என்று தொடங்கினால் அது சோதனைக்காக வெளியே போன மாதிரிச் சிப், அதன் கதையே வேறு.

சாக்கெட்771 (9:55)
இங்கே தினமும் இதே கதை. வாங்குவதற்கு முன் மதர்போர்டு ஆவணத்தைப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. நான் 2006-ல் இருந்து ஜியான் பெட்டி கட்டுகிறேன், ஒரு சிப்பையும் ஆதரவுப் பட்டியல் பார்க்காமல் வாங்கியதில்லை. போர்டு மாடல் என்ன, பயாஸ் பதிப்பு என்ன, ரேம் எவ்வளவு, பவர் சப்ளை எத்தனை வாட்? எதுவும் சொல்லாமல் "சீக்கிரம்" என்று கேட்டால் யார் என்ன செய்வது?

கோத்தகிரி_இலை (10:21)
மன்னிக்கவும் சார், கையெல்லாம் பேஸ்ட். எஸ்ஆர்1ஏ8 என்று இருக்கிறது. பெட்டி பிராண்டட் டவர், பழையதாக வாங்கியது. பயாஸ் தேதி 2012 என்று காட்டுகிறது. ரேம் 32 ஜிபி. பவர் சப்ளை ஸ்டிக்கர் உள்பக்கம் இருக்கிறது, தெரியவில்லை.

குன்னூர்_பட்டறை (10:27)
அப்படியென்றால் காரணம் கிடைத்துவிட்டது. வி2 வந்தது 2013 செப்டம்பரில். 2012 பயாஸுக்கு அந்தச் சிப் பிறந்ததே தெரியாது. வி1, வி2 இரண்டுக்கும் எல்ஜிஏ 2011 சாக்கெட்தான் (போர்டில் சிப் உட்காரும் இடம்), அதனால் அழகாகப் போய் உட்காரும். ஆனால் உள்ளே தயாரிப்பு நுட்பம் 32 நானோமீட்டரில் இருந்து இன்னும் நுணுக்கமான 22-க்குப் போய்விட்டது, அடையாள எண்ணும் வேறு. அதற்கான மைக்ரோகோடு (சிப்புக்கான உள் கட்டளைத் தொகுப்பு) பயாஸில் இல்லை என்றால் திரைகூட வராது.

வி3-ஆக இருந்திருந்தால் உட்கார்ந்தே இருக்காது. அதற்கு 2011-3 சாக்கெட், ஓரத்து வெட்டுகளே இடம் மாறியிருக்கும், ரேமும் டிடிஆர்4. நல்லவேளை, அதை அழுத்தி உட்காரவைக்கப் பார்த்திருந்தால் சாக்கெட் பின்கள் வளைந்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: பழைய 2620-ஐயே போட்டு பெட்டியை எழுப்புங்கள். தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலுக்கு உள்ள கடைசி பயாஸை எடுத்து ஏற்றுங்கள். ரொம்பப் பழைய பதிப்பு என்றால் நேரே கடைசிக்குத் தாவ விடாது, நடுவில் ஒன்று ஏற்றச் சொல்லும். ஏற்றும்போது யூபிஎஸ் முழு சார்ஜில் இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே போச்சு.

கூடலூர்க்காரன் (10:40)
அப்படியே பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

கோத்தகிரி_இலை (செவ்வாய், இரவு 8:47)
பகலில் பழைய சிப்பிலேயே ஓட்டிவிட்டோம். சாயங்காலம் இரண்டு படியாக பயாஸ் ஏற்றினேன், இப்போது 2018 தேதி காட்டுகிறது. பேட்டரியும் புதிது. 2650 போட்டால் மறுபடி அதே ஆரஞ்சு விளக்கு. சிப்பே கெட்டதா? விற்றவர் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார்.

கேத்தி_பள்ளத்தாக்கு (8:58)
ஈரம் என்று நான் சொன்னேன்.

ஊட்டி_லேப் (9:03)
கோத்தகிரி, ஒன்று கேட்க மறந்துவிட்டோம். அந்தப் பெட்டியில் சாக்கெட் எத்தனை? ஒன்றா, இரண்டா?

கோத்தகிரி_இலை (9:09)
இரண்டு அக்கா. இரண்டிலும் 2620 இருந்தது. 2650 ஒன்றுதான் வாங்கினேன், அதை முதலாவதில் போட்டேன். இரண்டாவதைத் தொடவே இல்லை.

ஊட்டி_லேப் (9:16)
அதுதான்! இரண்டு சாக்கெட் என்றால் இரண்டிலும் ஒரே மாடல் இருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் ஒரு பக்கம் 2012 ஆள், மறுபக்கம் 2013 ஆள். இரண்டு சிப்பும் க்யூபிஐ என்ற நேரடி இணைப்பு வழியாகப் பேசிக்கொண்டு ஒரே நினைவகத்தைப் பங்குபோட வேண்டும். தலைமுறை கலந்தால் பெட்டி எழாது. இரண்டாவது சாக்கெட்டில் உள்ள 2620-ஐக் கழற்றிவிடுங்கள். பின்களின் மேல் பிளாஸ்டிக் மூடி போடுங்கள். அந்த ஹீட்சிங்க் இடத்தில் வெற்றுத்தடுப்பு இருந்தால் அதையும் வையுங்கள், காற்றோட்டம் மாறாமல் இருக்கும்.

ரேம் எப்படிப் பிரித்திருக்கிறது? நான்கு 8 ஜிபியா?

கோத்தகிரி_இலை (9:19)
ஆமாம், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு.

ஊட்டி_லேப் (9:22)
அந்தப் பக்கத்து இரண்டையும் முதல் சிப்பின் பக்கத்துக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு சானலிலும் (சிப்பில் இருந்து ரேமுக்குப் போகும் தனிப் பாதை) முதல் ஸ்லாட், மொத்தம் நான்கு சானல், நான்கு ரேம். மாற்றாவிட்டால் 16 ஜிபிதான் காட்டும்.

சாக்கெட்771 (9:30)
ரேமுக்கும் இரண்டாவது சிப்புக்கும் என்ன சம்பந்தம்? ஆதாரம் இல்லாமல் எதையாவது சொல்லாதீர்கள். பழைய ஜியான் 5100 வரிசையில் நூறு முறை ஒரு சிப்பைக் கழற்றியிருக்கிறேன், ஒரு எம்பி ரேமும் குறைந்ததில்லை. ரேம் போர்டில் தனியாக இருக்கும் சிப்செட்டில் தொங்குகிறது.

ஊட்டி_லேப் (9:44)
5100-க்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி சார். அது 2006. இரண்டு சிப்பும் பஸ் வழியாக சிப்செட்டுக்குப் போகும், ரேம் சிப்செட்டிடம் இருக்கும். 2009-ல் 5500 வரிசை வந்தபோது ரேம் கன்ட்ரோலரைச் சிப்புக்குள்ளேயே கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு சிப்புக்கும் அதனதன் ரேம். சிப்பைக் கழற்றினால் அதன் பக்கத்து ஸ்லாட்டுகள் செத்த ஸ்லாட்டுகள். 2012-ல் இ5 வந்தபோது கார்டுகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸும் உள்ளே போய்விட்டது, சிப்புக்கு 40 லேன், அதாவது தரவுப் பாதை. ஆகவே கார்டு ஸ்லாட்டுகளிலும் சில இரண்டாவது சிப்புடன் சேர்ந்து போகும். ஜியான் என்ற பெயர் 1998-ல் பென்டியம் 2 காலத்தில் இருந்தே இருக்கிறது. அதை வைத்து ஒரு பெட்டியின் உள்ளமைப்பைச் சொல்லவே முடியாது, தலைமுறை தெரிந்தால்தான் பேச முடியும். எங்கள் லேபில் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதுதான்.

வெலிங்டன்_வீடு (9:52)
ரேம் கன்ட்ரோலரைச் சிப்புக்குள் வைத்ததை இன்டெல் சாதனையாகச் சொல்லாதீர்கள். போட்டி நிறுவனம் ஏஎம்டி 2003 ஏப்ரலிலேயே தன் சர்வர் சிப் ஆப்டெரானில் செய்துவிட்டது. 64 பிட்டும் அப்படித்தான். இன்டெல் இட்டானியம் என்ற வேறு வகைச் சிப்பை நம்பிக்கொண்டிருந்தது, ஜியானுக்கு 64 பிட் வந்தது 2004-ல்.

சாக்கெட்771 (10:01)
முதலில் செய்தது யார் என்பது வரலாற்றுப் புத்தகத்துக்கு. ஃபேக்டரிக்குத் தேவை உழைக்கும் பெட்டி. 2010-ல் இந்த மலையில் ஆப்டெரான் போர்டு போனால் மாற்று எங்கே கிடைத்தது? கோயம்புத்தூரிலும் கிடைக்காது, பெங்களூரில் இருந்து வர வேண்டும். நான் காத்திருந்திருக்கிறேன், அந்த மூன்று வாரம் இன்னும் நினைவிருக்கிறது.

வெலிங்டன்_வீடு (10:08)
அது கடைக்காரர் பிரச்சினை, சிப் பிரச்சினை இல்லை. 2016 வி4, 2017-ல் கோல்டு சில்வர் என்று பெயர் மாற்றி வந்தது, 2019-ல் வந்தது, எல்லாமே 14 நானோமீட்டர். அதே 2019-ல் ஏஎம்டி 7 நானோமீட்டரில் 64 கோர் எபிக் சர்வர் சிப் கொடுத்தது. இன்டெல் சாக்கெட்டில் 28-தான்.

சாக்கெட்771 (10:15)
28 என்பது சாதாரண வரிசை. 56 கோரும் இருந்தது.

வெலிங்டன்_வீடு (10:17)
அது இரண்டு சிப்பை ஒரே மூடிக்குள் வைத்து போர்டில் பற்றவைத்தது. சாக்கெட் கிடையாது.

குன்னூர்_பட்டறை (10:24)
இரண்டு பேரும் தனி இழை திறங்கப்பா. தம்பி, ஒன்று மட்டும் கேட்கிறேன். இரண்டு 2620 என்றால் மொத்தம் 12 கோர். ஒரு 2650 வி2 என்றால் 8 கோர். குறைத்துக்கொள்கிறாய் என்று தெரிந்துதான் வாங்கினாயா?

கோத்தகிரி_இலை (10:31)
அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை அண்ணா. எண் பெரியது, வேகம் அதிகம் என்று வாங்கினேன். மாதக் கடைசியில் முந்நூறு சிறு விவசாயிகளின் இலைக் கணக்கை முடிக்கும்போது ஒரு பில் வர அரை நிமிஷம் ஆகிறது. கியூவில் நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

குன்னூர்_பட்டறை (10:39)
அந்தக் கணக்கு மென்பொருள் பழையது என்றால் ஒரு கோரில்தான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் பில் போடும்போது பார், ஒரு கோர் மட்டும் உச்சியில் நிற்கும், மற்றவை தூங்கும். அப்படி என்றால் நீ வாங்கியது சரிதான். 2620-இன் டர்போ (தேவைப்படும்போது எட்டும் உச்ச வேகம்) 2.5, உன்னுடையது 3.4. இன்னொரு லாபம், இரண்டு 95 வாட் சிப் இருந்த இடத்தில் ஒன்று. நம் ஊரில் மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் யூபிஎஸ் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

கேத்தி_பள்ளத்தாக்கு (புதன், காலை 7:50)
என்ன ஆச்சு தம்பி?

ஊட்டி_லேப் (வியாழன், மதியம் 1:15)
கோத்தகிரி, ஓடியதா இல்லையா என்று ஒரு வரி போடுங்கள். இதே தவறோடு தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

கோத்தகிரி_இலை (சனி, இரவு 9:58)
ஓடுகிறது அக்கா. இரண்டாவதைக் கழற்றி, ரேமை மாற்றியதும் முதல் தடவையிலேயே எழுந்தது. 32 ஜிபியும் காட்டுகிறது, வேகம் முன்பு 1333, இப்போது 1600. இரண்டாவது நெட்வொர்க் கார்டு காணாமல் போய்விட்டது, நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து வேறு ஸ்லாட்டில் போட்டேன், வந்துவிட்டது. பில் பத்து நொடிக்குள் வருகிறது. வாரம் முழுக்க இலை வரத்து அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. எல்லோருக்கும் நன்றி.

கூடலூர்க்காரன் (10:06)
பேட்டரி மாற்றியதும் நல்லதுதான்.

சாக்கெட்771 (10:30)
5500 ஆவணத்தை எடுத்துப் பார்த்தேன். ரேம் விஷயத்தில் ஊட்டி_லேப் சொன்னதுதான் சரி. கழற்றிய இரண்டு 2620-ஐயும் தூக்கிப் போடாதீர்கள் கோத்தகிரி. அடிப்பக்கத் தொடுபுள்ளிகளில் எதுவும் படாத டப்பாவில் வையுங்கள், என்னிடம் அதே சாக்கெட்டில் ஒரு போர்டு சும்மா கிடக்கிறது.