மறு: ரூம் மோடுக்குத் தமிழ்: அறைச்சுருதி?

அன்புள்ள நண்பர்களுக்கு,

எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்புவதால் அறையில் சில தாழ்ந்த ஒலிகள் மட்டும் ஓங்கிக் கேட்பதுதான் ரூம் மோடு. அதற்கு அறைச்சுருதி என்று நான் சொன்னதற்கு வந்த பதில்களுக்கு இது மறுமொழி.

> மோடு என்றால் முறைமை. 'அறை முறைமை' என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. அறையில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கான விதிகள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ரெசனன்ஸுக்குப் பாடநூலில் உள்ள 'ஒத்ததிர்வு' சரியான சொல்தான், ஆனால் வீணைக்குடத்துக்கும் பாலத்துக்கும் பொதுவானது. எந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தாலும் மாறாமல், அறையின் அளவாலேயே அமைந்துவிட்ட ஒலியைச் சொல்ல ஒரு சொல் வேண்டும். அதனால்தான் அறைச்சுருதி என்கிறேன்.

சேலத்தில் நம் வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் அதிகம். தளமும் பத்தடி உயரம். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை, மீட்டரில் அளந்த நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு), 10 அடிக்கு 56. நீளச்சுருதி, அகலச்சுருதி, உயரச்சுருதி என்று பிரித்துச் சொல்ல இந்தச் சொல் இடம் கொடுக்கிறது பாருங்கள். இங்கே அகலமும் உயரமும் ஒரே அளவு என்பதால் இரண்டும் 56-இல் சேர்ந்து உறுமும். செங்கல் சுவர், கான்கிரீட் தளம் எதுவும் அதை விழுங்காது. பவானி ஜமக்காளம் விரித்தால் கைதட்டலின் எதிரொலி அடங்கும். 47 ஹெர்ட்ஸ் அடங்காது, அந்த அலையின் நீளமே ஏழு மீட்டருக்கு மேல்.

> சுருதி நாம் விரும்புவது. இது தொல்லை.

பாடுகிறவருக்கு ஒத்துவராத சுருதியும் சுருதிதானே?

ஸ்பீக்கர் தேர்வில் இந்தச் சொல் உடனே உதவும். 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெரிய டவர் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) இரண்டு சுருதிகளையும் முழுதாகத் தட்டி எழுப்பும். சுவரருகே வைத்தால் இன்னும் மோசம், அழுத்தம் அங்கேதான் உச்சம். சின்ன அறையில் மூன்றடி முன்னால் இழுத்து வைக்கவும் இடமிருக்காது. எவ்வளவு விலை கொடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. டவர்தான் வேண்டும் என்றால் ஒடுக்கமான, சின்ன வூஃபர் (தாழ்ந்த ஒலியைத் தரும் கூம்பு) உள்ள, காற்றுப் போகும் துளையில்லாத மூடிய பெட்டியைத் தேடலாம். துளையிருந்தால் அதை மூட ஃபோம் அடைப்பு தருகிறார்களா என்று கேளுங்கள். பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்துக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரும் மூடிய சிறு பெட்டிதான்.

ஏற்காட்டு நண்பர் குளிரில் சுருதி இறங்குமா என்று கேட்டிருந்தார். இறங்கும். அங்கே 15 டிகிரி, இங்கே 38 என்றால் 12 அடிக்கு ஏறத்தாழ 2 ஹெர்ட்ஸ் வித்தியாசம். ஸ்பீக்கரை மாற்றும் அளவுக்கு இல்லை.

அப்புறம், ஸ்பீக்கரைச் சுவரோரம் வைப்பதால் கூடும் பேஸுக்கு (தாழ்ந்த ஒலிக்கு) இன்னும் சொல் இல்லை. 'சுவரேற்றம்' என்று எழுதிவருகிறேன். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
அஸ்தம்பட்டியிலிருந்து