கண் அசைவு சிகிச்சை: வேலூர்ப் பக்கம் எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா?

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் இருக்கும் என் தம்பிக்காகக் கேட்கிறேன். பள்ளிகொண்டா அருகே நெடுஞ்சாலை விபத்தில் அவன் கண்ணெதிரே நண்பன் இறந்துவிட்டான். தம்பியின் காயம் ஆறிவிட்டது. ஆனால் லாரி ஹாரன் கேட்டால் உடம்பெல்லாம் நடுங்குகிறது; இரவில் அலறி எழுகிறான். காற்று கருப்பு அண்டியிருக்கிறது, மந்திரித்தால் சரியாகும் என்கிறார்கள் உறவினர்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

இ.எம்.டி.ஆர். (EMDR) எனப்படும் கண் அசைவு சிகிச்சை பற்றிப் படித்தேன். 1987இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ தொடங்கிய முறை. வேதனை தரும் நினைவை மனதில் வைத்துக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் பின்தொடர வேண்டும். நினைவு அழியாது, அதன் வீரியம் குறையும். 2013இல் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்திருக்கிறது. நடந்ததை விரிவாக விவரிக்கத் தேவையில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். அவன் அந்த நாளைப் பற்றி வாய் திறக்கவே மறுக்கிறான்.

பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் இது கிடைக்கிறதா? காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் முறையான பயிற்சி பெற்ற, தமிழில் பேசும் சிகிச்சையாளர் யாராவது இருக்கிறார்களா? எத்தனை அமர்வுகள், எவ்வளவு செலவு, அன்றிரவு துணைக்கு ஆள் வேண்டுமா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். தனிச்செய்தியிலும் எழுதலாம்.