சிங்க் மாத்திரையும் வெள்ளையணுக்களும்: பரிசோதனைக் கூடத்தில் கண்டது

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வெள்ளையணுக்களை வகைபிரித்து எண்ணும் பணியில் இருக்கிறேன். கொரோனா காலத்துக்குப் பிறகு ஒரு முதியவரின் ரத்தம் வந்தது. கண்ணாடித் தகட்டை எவ்வளவு நகர்த்தியும் கிருமிகளை விழுங்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு அரிதாகவே கண்ணில் பட்டது, ஹீமோகுளோபினும் குறைந்திருந்தது. எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபோது, முதிராத அணுக்களுக்குள் சிறு சிறு வெற்றுக் குமிழிகள் தெரிந்தன. மஜ்ஜைக் கோளாறாக இருக்குமோ என்று குடும்பமே கலங்கிப் போயிருந்த நிலையில், "வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று மருத்துவர் கேட்டார். "எதிர்ப்புச் சக்திக்காகக் காலையும் இரவும் ஒரு சத்து மாத்திரை போடுகிறார், சார்" என்று மகன் அட்டையை நீட்டினார். ஒவ்வொன்றிலும் 50 மில்லிகிராம் சிங்க், அதாவது துத்தநாகம், இருந்தது.

அதன் பிறகே ரத்தத்தில் செம்பின் அளவைப் பார்த்தார்கள், மிகவும் குறைந்திருந்தது. சிங்க் மிகும்போது குடலின் உட்சுவர் அணுக்களில் மெட்டலோதயோனின் என்ற புரதம் பெருகுகிறது. அது சிங்கைவிடச் செம்பையே இறுகப் பற்றிக்கொள்வதால், அந்த அணுக்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. செம்பு இல்லாமல் மஜ்ஜையில் நியூட்ரோபில் சரிவர முதிர்வதில்லை. சிங்கை நிறுத்திச் செம்பு கொடுத்ததும் சில வாரங்களில் அவருடைய எண்ணிக்கை சீரானது. ஆனால் செம்புக் குறைவு தண்டுவடத்தையும் தாக்கக்கூடியது; அந்தப் பாதிப்பு எல்லோருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய அச்சம்.

இதனால் சிங்க் கெட்டது என்று ஆகிவிடாது. பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், ஈரானிலும் எகிப்திலும் வளர்ச்சி குன்றிய இளைஞர்களை ஆராய்ந்து, மனிதர்களுக்கும் சிங்க் குறைபாடு வரும் என்பதை 1960களில் நிறுவினார். நோய் எதிர்ப்பில் பங்குள்ள டி அணுக்கள் என்ற வெள்ளையணு வகையை முதிரச் செய்யும், தைமஸ் சுரப்பியின் தைமுலின் என்ற ஹார்மோன் சிங்க் இன்றிச் செயல்படாது என்பதும் பின்னர் தெரிந்தது. அமெரிக்காவில் முதியோர் இல்லவாசிகளுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் வீதம் மூன்று மாதங்கள் கொடுத்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், டி அணுக்களின் எண்ணிக்கை கூடியது. அவர்கள் ரத்தத்தில் சிங்க் குறைவாக இருந்தவர்கள் என்பதைத்தான் கடை விளம்பரங்கள் சொல்வதில்லை. குறை இருந்த இடத்தை நிரப்பியதால் கிடைத்த பலன் அது. நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தால் அணுக்கள் மேலும் பெருகும் என்று அதற்குப் பொருள் இல்லை. பெரியவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 40 மில்லிகிராமே உச்ச வரம்பு என்று அமெரிக்க வல்லுநர்கள் வகுத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்த முதியவர் மாத்திரையிலேயே 100 எடுத்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டுப் பெற்றோர் யாரும் குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு எழுதித் தந்த சிங்கைப் பாதியில் நிறுத்திவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 14 நாள் வரை கொடுக்கச் சொல்லும் அளவான மருந்து அது. போக்கு நின்றாலும் எழுதிய நாள்வரை முழுமையாகக் கொடுங்கள்.